சாப்பாட்டு மேசையா, மூடிய அறையா? யூத மாணவர்களோடு வேலை செய்ய விரும்பும் எம்.எஸ்.டபிள்யூ பட்டதாரிக்கு

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் யூத மாணவர்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) படிக்க வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்களே ஒரு காலத்தில் அந்த மாணவர்களாக இருந்தவர்கள். படிப்பு முடியும் சமயத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் 'யூத மாணவர்களுக்கான சமூகப்பணியாளர்' என்று எங்கும் ஒரே மாதிரியான வேலை கிடையாது. ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பில் ஒரு விதமாக இருக்கும், பல்கலைக்கழகக் கவுன்சலிங் மையத்தில் வேறு விதமாக இருக்கும், டீன் அலுவலகத்தில் இன்னொரு விதம். ஊரில் உள்ள யூதக் குடும்பச் சேவை நிறுவனம் இருக்கிறது. சொந்தமாக கிளினிக் போட்டும் உட்காரலாம்.

சம்பளம், லீவு, வேலை நேரம் என்று அட்டவணை போட்டு இவற்றை ஒப்பிடலாம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் எனக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்றுதான் பெரிதாகப் படுகிறது. யூதர்கள் சேர்ந்து சாப்பிடும் வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் தெரிந்த ஆளாக இருக்கப் போகிறீர்களா, இல்லை மாணவர் உங்களிடம் வந்துபோவதே யாருக்கும் தெரியாத ஆளாகவா? இரண்டுமே உதவிதான். ஒரே ஆள், ஒரே மாணவருக்கு, ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்க முடியாது. அமெரிக்க சமூகப்பணியாளர் சங்கத்தின் நெறிமுறைகளிலும் இதைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. சிகிச்சை பெறுபவரோடு வேறு உறவும் வைத்துக்கொள்வதால் அவருக்குப் பாதிப்பு வரலாம் என்றால் அதைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்கவே முடியாவிட்டால் எல்லைகளைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது.

யார் இந்த மாணவர்கள்

பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் எல்லா வயதும் சேர்த்து யூதர்கள் சுமார் 75 லட்சம் பேர். 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேர், யூதர்தான் ஆனால் மதம் என்று எதுவும் இல்லை என்கிறார்கள். அதே வயதில் 17 சதவீதம் பேர் ஆர்த்தடாக்ஸ் (மத விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள்). அதாவது ஒரு பக்கம் கோஷர் (யூத உணவு விதிப்படியான) சாப்பாடு இல்லாத விடுதியில் காலடி வைக்காதவர், இன்னொரு பக்கம் பாட்டி வீட்டு பாஸ்கா பண்டிகை விருந்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். இருவரும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பார்கள்.

நடுவில் இன்னும் எத்தனையோ வகை. 1979 புரட்சிக்குப் பிறகு தெஹ்ரானிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த பாரசீக யூதக் குடும்பத்தின் பிள்ளை, 'டாக்டரிடம் போனேன் என்று யாரிடமும் சொல்லாதே' என்று அம்மா சொல்லி அனுப்பியதோடு வந்திருப்பாள். நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவன் இருப்பான். அப்பா மட்டும் யூதர் என்பதால் 'நீ யூதனா இல்லையா' என்று ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு பதில் கேட்டு அலுத்துப்போனவன் இருப்பான். எருசலேமில் ஒரு வருஷம் யெஷிவா என்ற மதப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, திடீரென்று ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் விடுதியில் திணறுகிறவனும் உண்டு.

அப்புறம் இஸ்ரேல். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல், அதைத் தொடர்ந்த காஸா போர், 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல வளாகங்களுக்குப் பரவிய கூடாரப் போராட்டங்கள் எல்லாம் யூத மாணவர்களை ஒரே மாதிரி பாதிக்கவில்லை. கழுத்தில் இருக்கும் தாவீது நட்சத்திரத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள், கூடாரத்துக்குள் உட்கார்ந்து சப்பாத் (வாராந்திர ஓய்வு நாள்) மெழுகுவர்த்தி ஏற்றியவர்களும் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம். இந்த இரண்டு பேரும் உங்கள் அறைக் கதவைத் தட்ட முடியுமா என்பதுதான் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய விஷயம்.

லைசென்ஸ் கணக்கு

நம் ஊரில் எம்.எஸ்.டபிள்யூ சான்றிதழ் கையில் கிடைத்தால் பொதுவாக வேலைக்குப் போய்விடலாம், தனி லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை. நியூயார்க்கை எடுத்துக்கொண்டால், பட்டம் வாங்கிப் பரீட்சையில் தேறினால் எல்.எம்.எஸ்.டபிள்யூ என்ற முதல் படி லைசென்ஸ். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் மனநல சிகிச்சை தர வேண்டுமென்றால் அடுத்த படியான எல்.சி.எஸ்.டபிள்யூ வேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று வருஷ மேற்பார்வை அனுபவம், அதில் 2,000 மணி நேரம் நேரடியாக நோயறிதல், சிகிச்சை போன்ற வேலை. கலிஃபோர்னியாவில் மேற்பார்வை அனுபவம் மொத்தம் 3,000 மணி நேரம்.

இந்த மணி நேரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மாணவரோடு காபி குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவர் பிரிவுத் துயரைக் கேட்டீர்கள் என்றால் அது நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் லைசென்ஸ் கணக்கில் பூஜ்யம். கையெழுத்துப் போட உரிய தகுதியுள்ள மேற்பார்வையாளர் வேண்டும், வேலை செய்யும் நிறுவனத்துக்கும் சட்டப்படி அந்தச் சிகிச்சையைத் தரும் அனுமதி இருக்க வேண்டும். படிப்பு முடித்த முதல் மூன்று வருஷத்தை எங்கே செலவிடுகிறீர்கள் என்பது அடுத்த இருபது வருஷத்தின் கதவுகளைத் திறக்கும், அல்லது சாத்தும்.

ஹில்லெல்

யூத மாணவர், உதவி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். 1923இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற இளம் ரப்பி (யூத மதகுரு) தொடங்கினார். சீக்கிரமே ப்னாய் ப்ரித் என்ற யூத சங்கம் அதைத் தத்தெடுத்து வளர்த்தது, பின்னாளில் தனி அமைப்பாகப் பிரிந்தது. இன்று 800க்கும் மேற்பட்ட வளாகங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பெரிய வளாகத்தில் சொந்தக் கட்டடம், கோஷர் சமையலறை, பத்துப் பதினைந்து ஊழியர்கள். சின்னக் கல்லூரியில் ஒரே ஒரு ஆள், அவரும் பகுதி நேரம்.

இங்கே வேலைக்குச் சேரும் எம்.எஸ்.டபிள்யூ பட்டதாரிக்கு மாணவர் நலம், மாணவர் தொடர்பு, இயக்குநரின் உதவியாளர் என்று ஏதோ ஒரு பெயரில் பதவி கிடைக்கும். புதிதாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு ஸ்பிரிங்போர்டு என்ற இரண்டு வருஷத் திட்டமும் உண்டு. வேலை என்ன? புது மாணவரைக் காபிக்கு அழைப்பது, சப்பாத் சாப்பாட்டுக்கு யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று கவனிப்பது, வராதவருக்கு ஒரு குறுஞ்செய்தி, தாத்தா இறந்துபோன பையனுக்கு ஊருக்குப் போக முடியாவிட்டால் கடிஷ் என்ற இறந்தோர் பிரார்த்தனையைச் சொல்லப் பத்துப் பேரைத் திரட்டுவது. பாஸ்கா வாரத்தில் புளித்த மாவுப் பண்டம் சாப்பிடாதவர்கள் சாப்பிட என்ன இருக்கிறது என்று உணவுக் கூடத்தோடு மல்லுக்கட்டுவது.

சமூகப்பணிப் படிப்பு இங்கே வீணாகாது. சொல்லப்போனால் எந்த அறிகுறியும் முதலில் தெரிவது இங்கேதான். தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமை வந்த பெண் நாலாவது வாரம் வரவில்லை, வந்தபோதும் தட்டில் எதையோ தள்ளித் தள்ளி வைத்தாள் என்பது கவுன்சலிங் மையத்தில் யாருக்கும் தெரிய வழியில்லை. ஹில்லெல் ஊழியர் கண்ணில் படும். பயிற்சி உள்ள கண் என்றால் இன்னும் சீக்கிரம் படும்.

குறைகள் மூன்று. முதலாவது, மேலே சொன்ன லைசென்ஸ் மணி நேரம். அங்கே எல்.சி.எஸ்.டபிள்யூ இருப்பது அபூர்வம். இரண்டாவது, நேரம். ராத்திரியும் வெள்ளிக்கிழமையும் பண்டிகையும்தான் உங்கள் வேலை நேரம், மற்றவர்களின் ஓய்வு நேரம். பல வளாகங்களில் ஹில்லெல் தனி லாபநோக்கற்ற நிறுவனம் என்பதால் நன்கொடையாளர்களையும் பெற்றோர்களையும் முகம் பார்த்துச் சிரிக்கும் பொறுப்பும் கொஞ்சம் உங்கள் தலையில் விழும். ரகசியம் பற்றிய கேள்வியும் இதோடு ஒட்டியது. ரப்பியிடம் சொன்னால் ரகசியம், சிகிச்சையாளரிடம் சொன்னால் ரகசியம் என்று மாணவருக்குத் தெரியும். ஹில்லெல் ஊழியரிடம் பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால் அது எங்கே போகும்? நிறுவனத்துக்கு நிறுவனம் பதில் மாறும். சேருவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. இஸ்ரேல் பற்றிய நிகழ்ச்சிகளில் யாரோடு சேரலாம், யாரோடு கூடாது என்று ஹில்லெலுக்கு 2010இல் வகுத்த விதிகள் உண்டு. அதை எதிர்த்து 2012இல் ஹார்வர்டில் 'ஓப்பன் ஹில்லெல்' என்ற மாணவர் இயக்கம் எழுந்தது. ஸ்வார்த்மோர் கல்லூரிக் கிளை 2013 டிசம்பரில் அந்த விதிகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்து, 2015இல் ஹில்லெல் என்ற பெயரையே விட்டுவிட்டது. அந்த விதி சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. அந்தக் கட்டடத்தில் உங்கள் மேசை இருந்தால் ஒரு பகுதி யூத மாணவர்கள் உங்களிடம் வரவே மாட்டார்கள் என்பதுதான் விஷயம். அவர்கள் யூதர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கும் அப்பா அம்மாவோடு சண்டை, தூக்கமின்மை, தனிமை எல்லாம் உண்டு. சண்டை இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

ஹில்லெலை ஒட்டி இன்னும் இரண்டு பெயர் காதில் விழும். கபாத் என்ற ஆர்த்தடாக்ஸ் இயக்கத்தின் இல்லங்கள் 1969இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி வளாகங்களுக்குப் பரவியவை, ரப்பியும் மனைவியும் பிள்ளைகளோடு குடியிருந்து வீட்டையே திறந்துவிடுவார்கள். ஆர்த்தடாக்ஸ் மாணவர்களுக்கு ஓ.யூ (ஆர்த்தடாக்ஸ் யூனியன்) அமைப்பு அனுப்பும் தம்பதிகளும் அப்படித்தான். இவை விண்ணப்பம் போட்டுச் சேரும் வேலைகள் அல்ல. ஆனால் எங்கே வேலை செய்தாலும் இவர்கள் தொலைபேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகக் கவுன்சலிங் மையம்

மூடிய அறை இதுதான். மாணவர் எந்த மதமோ, எந்தக் கட்சியோ, கதவு ஒன்றுதான். லைசென்ஸ் மணி நேரம் ஏறும், மேற்பார்வையாளர் பக்கத்து அறையிலேயே இருப்பார், பல்கலைக்கழக ஊழியர் என்பதால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதிய ஏற்பாடும் பொதுவாக நன்றாக இருக்கும். உயிராபத்து போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, ரகசியம் பற்றிச் சந்தேகம் இல்லை.

ஆனால் உங்கள் நாளில் யூத மாணவர் எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. சில நாள் ஒருவரும் வர மாட்டார்கள். பெரும்பாலான மையங்கள் குறுகிய காலச் சிகிச்சைதான் தருகின்றன, சில சந்திப்புகளுக்குப் பிறகு வெளியே அனுப்பிவிட வேண்டியிருக்கும். வரும் யூத மாணவர் முதல் இரண்டு சந்திப்பை உங்களுக்கு எல்லாம் விளக்குவதிலேயே செலவிடாமல் இருந்தால் அதுவே பெரிய லாபம். சப்பாத்தில் ஃபோனை ஏன் அணைக்கிறேன், ஷிவா என்று துக்கம் காத்து ஏழு நாள் ஏன் வீட்டில் உட்கார்ந்தேன், 'ஷோமர் நெகியா' என்றால் ஏன் காதலன் கையைக்கூடத் தொட மாட்டேன் என்றெல்லாம் அடியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை என்றால், மாணவர் நேராக விஷயத்துக்கு வருவார். மையத்துக்குள் யூத மாணவர்களுக்கென்று ஒரு குழுச் சந்திப்பும் நடத்தலாம். ஹில்லெலுக்கு மாதம் ஒரு முறை போய் உட்கார்ந்து வரவும் பல மையங்கள் அனுமதிக்கும். ஆனால் அது மைய இயக்குநரின் தயவு. உங்கள் உரிமை அல்ல.

டீன் அலுவலகம்

இதை யாரும் யோசிப்பதில்லை. மாணவர் நல டீனின் கீழ் 'கேஸ் மேனேஜர்' என்ற பதவி இப்போது பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, எம்.எஸ்.டபிள்யூ படித்தவர்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். ஆசிரியர் 'இந்த மாணவனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது' என்று மின்னஞ்சல் போட்டால் அது இங்கே வரும். சிகிச்சை தர மாட்டீர்கள், ஆனால் சிகிச்சையாளரால் செய்ய முடியாததைச் செய்வீர்கள்: பரீட்சையைத் தள்ளிவைப்பது, அறை மாற்றுவது, மருத்துவ விடுப்பு.

யூத மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டும் யோம் கிப்பூர் என்ற விரத நாளும் செமஸ்டர் தொடங்கிச் சில வாரங்களில் வந்துவிடும், பாஸ்கா வசந்த காலப் பரீட்சைகளை ஒட்டி வரும். நியூயார்க்கில் கல்விச் சட்டம் 224-ஏ பிரிவு, மத நம்பிக்கையால் வகுப்புக்கோ பரீட்சைக்கோ வர முடியாத மாணவருக்கு அதே அளவு வாய்ப்பைக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்கிறது. அதைப் பேராசிரியரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மாணவரைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்தாலோ, யூதர் என்பதால் ஒதுக்கினாலோ, அதை 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் 6ஆம் தலைப்பின் கீழ் புகாராகப் பதிவுசெய்யும் வழியையும் இங்கிருப்பவர்கள்தான் காட்டுவார்கள். குறை என்னவென்றால், நீங்கள் நிர்வாகத்தின் ஆள். மாணவருக்கு நிர்வாகத்தின் மீதே கோபம் என்றால் உங்கள் மீதும் கோபம். லைசென்ஸ் மணி நேரமும் பெரும்பாலும் ஏறாது.

யூதக் குடும்பச் சேவை நிறுவனம்

அமெரிக்காவில் யூதர்கள் ஓரளவு வாழும் ஊர்களில் எல்லாம் 'ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ்' என்ற பெயரிலோ அதை ஒட்டிய பெயரிலோ ஒரு நிறுவனம் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஏழை யூதர்களுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுக்கத் தொடங்கிய சங்கங்கள் பல காலப்போக்கில் இப்படி மாறின. இன்று முதியோர் பராமரிப்பு, அகதிகள் குடியேற்றம், மனநலச் சிகிச்சை எல்லாம் செய்கின்றன. யூதர் அல்லாதவர்களுக்கும் செய்கின்றன. எல்.சி.எஸ்.டபிள்யூ மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள், மணி நேரம் ஏறும், வாரத்தில் பாதி கேஸாவது யூதக் குடும்பங்களாக இருக்க வாய்ப்புண்டு.

பிட்ஸ்பர்க்கைப் பாருங்கள். 2018 அக்டோபர் 27 அன்று ஸ்குவிரல் ஹில் பகுதியில் ட்ரீ ஆஃப் லைஃப் வழிபாட்டுக் கட்டடத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் அந்தப் பகுதியை ஒட்டியே இருக்கிறது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் பக்கம்தான். அடுத்த வருஷமே 10.27 ஹீலிங் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பை அங்குள்ள யூத சமூக மையத்தில் தொடங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பாதிக்கப்பட்ட எவரும் போக முடிந்தது, 2023இல் நடந்த வழக்கு விசாரணை நாட்களிலும் ஆண்டு நினைவு நாட்களிலும் துணைக்கு ஆள் இருந்தது. வளாகம், ஊர் என்ற எல்லைச் சுவர் துக்கத்துக்குக் கிடையாது என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

இந்த நிறுவனத்தின் குறை, மாணவர்கள் நடுவில் இல்லாததுதான். பஸ் ஏறி வர வேண்டும், காப்பீடு பார்க்க வேண்டும், அப்பாவின் காப்பீட்டில் இருக்கிற மாணவர் என்றால் 'வீட்டுக்குத் தெரியுமா?' என்ற பயம் வேறு. ஆனால் சில ஊர்களில் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். நிறுவனத்தின் சமூகப்பணியாளர் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஹில்லெல் கட்டடத்தில் ஒரு அறையில் உட்காருவார். சம்பளம், மேற்பார்வை, கோப்பு எல்லாம் குடும்பச் சேவை நிறுவனத்திடம். சப்பாத் விருந்துக்கு வர மாட்டார், நன்கொடையாளரிடம் பேச மாட்டார். ஹில்லெல் ஊழியர் ஒரு மாணவியைக் கையோடு அழைத்து வந்து கதவு வரை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல ஏற்பாடு இதுதான். கட்டடத்துக்குள் வராத மாணவர் பிரச்சினை மட்டும் இதிலும் தீராது.

சொந்த கிளினிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு லைசென்ஸ் வந்த பிறகுதான். கல்லூரி மாணவர்களுக்கு ஆன்லைனில் சிகிச்சை தருவது எளிது என்று தோன்றும், ஆனால் மாணவர் உடல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில விதிதான் செல்லும். ஒஹையோவில் படிக்கும் பெண் கோடை விடுமுறைக்கு நியூ ஜெர்சி வீட்டுக்குப் போனால், பெற்றோரோடு சண்டை உச்சத்தில் இருக்கும் அந்த மூன்று மாதம் அவளோடு பேச உங்களுக்கு அனுமதி இருக்காது. மாநிலங்கள் தாண்டும் சமூகப்பணி லைசென்ஸ் ஒப்பந்தம் 2024இல் ஏழு மாநிலங்கள் சேர்ந்து உயிர்பெற்றது, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை அதற்குப் பிறகே தொடங்கியது.

ஒரே மாணவி, வெவ்வேறு நாற்காலி

கற்பனையாக ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வருஷம். பள்ளியில் படிக்கும்போது அனோரெக்ஸியாவுக்கு (சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய்) சிகிச்சை எடுத்தவள். யோம் கிப்பூர் வருகிறது, சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். 'எல்லோரும் இருக்கிறார்கள், நான் மட்டும் இருக்கக் கூடாதா' என்கிறாள். பக்தியா, நோயா, எது பேசுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் விரதத்தை விட்டுவிட வேண்டும் என்பது யூதச் சட்டத்தில் சலுகை அல்ல, கடமை. சாதாரண நோயாளிக்கு ரப்பிகள் பல சமயம் ஒரு வழி சொல்வார்கள்: கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து, சில நிமிஷ இடைவெளி விட்டுச் சாப்பிடலாம் என்று. இந்தப் பெண்ணுக்கு அந்த வழியே விஷம். அளந்து, நிமிஷம் பார்த்துச் சாப்பிடுவதுதானே அவள் நோய்! இது தெரிந்த ரப்பி 'வழக்கம்போல் மூன்று வேளையும் சாப்பிடு, அதுதான் உன் யோம் கிப்பூர்' என்று சொல்லிவிடுவார்.

ஹில்லெலில் இருந்தால் அவள் கேட்காமலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும், ரப்பியும் பக்கத்து அறை. ஆனால் அவள் எடை, மருந்து, பழைய சிகிச்சை எதுவும் தெரியாது, கேட்கும் இடமும் உங்களுக்கு இல்லை. கவுன்சலிங் மையத்தில் இருந்தால் எல்லாம் தெரியும். அவள் எழுதிக் கொடுத்தால் ரப்பியிடமும் சத்துணவு நிபுணரிடமும் பேசலாம், ஆனால் செப்டம்பரில் அவள் உங்களிடம் வந்திருந்தால்தான். டீன் அலுவலகத்தில் இருந்தால், அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகே உங்களுக்குத் தகவல் வரும். பிறகு செமஸ்டரைக் காப்பாற்றிக் கொடுப்பீர்கள். ஹில்லெலில் அறை வைத்திருக்கும் குடும்பச் சேவை ஆள் என்றால் இரண்டு பக்கமும் கை எட்டும், அன்று உங்கள் நாளாக இருந்தால்.

யூதர் அல்லாதவர் போகலாமா?

போகலாம். மதச் சார்பில்லாத பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் மையமும் டீன் அலுவலகமும் மதம் பார்த்து எடுக்க முடியாது. குடும்பச் சேவை நிறுவனங்களில் யூதர் அல்லாத சமூகப்பணியாளர்கள் எத்தனையோ பேர். ஹில்லெலில் சில பதவிகளுக்கு யூத வாழ்க்கைப் பழக்கம் வேண்டும் என்பார்கள், அது நியாயம்தான். தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ படிக்கப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. சமூகப்பணி ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகள்) பட்டியலில் இல்லாததால் படிப்புக்குப் பின் ஓ.பி.டி என்ற வேலை அனுமதி 12 மாதம்தான். பல்கலைக்கழக வேலை என்றால் ஹெச்-1பி வேலை விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது. தனி நிறுவனமான ஹில்லெலுக்கோ குடும்பச் சேவைக்கோ அந்த விலக்கு தானாக வந்துவிடாது. இங்கிருந்து போகிறவர்களுக்கு முடிவு ஏறக்குறைய அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

பணமும் படிப்பும்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2023 மே மாதம் சமூகப்பணியாளர்களின் இடைநிலைச் சம்பளம் வருஷத்துக்கு 58,380 டாலர். இந்தச் சம்பளத்துக்கு லட்சம் டாலர் கடன் வாங்கிப் படிப்பது நல்ல யோசனை இல்லை. 2025இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் அரசுக் கடன் இல்லை, வழக்கமான முதுகலைக்கு வருஷத்துக்கு 20,500 டாலர்தான் அரசுக் கடன் உச்சவரம்பு. பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில் 120 தவணை கட்டிய பிறகு மீதி போகும். அதற்கு அரசு அல்லது லாபநோக்கற்ற நிறுவனத்தில் முழு நேர வேலை வேண்டும். ஹில்லெல், பல்கலைக்கழகம், குடும்பச் சேவை எல்லாம் பொதுவாகச் சேரும். சொந்த கிளினிக் சேராது.

எங்கே படிப்பது? நியூயார்க்கில் யெஷிவா பல்கலைக்கழகத்தின் வுர்ஸ்வைலர் பள்ளி 1957 முதல் இருக்கிறது, பண்டிகை நாட்காட்டியை ஒட்டியே வகுப்பு நடக்கும், ஆர்த்தடாக்ஸ் மாணவருக்கு அது பெரிய நிம்மதி. மிச்சிகன் பல்கலைக்கழகச் சமூகப்பணிப் பள்ளி யூத சமூகத் தலைமைக்கென்று ஒரு சிறப்புத் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. பிராண்டைஸின் ஹோர்ன்ஸ்டைன் திட்டம் 1969இல் தொடங்கியது, பெயர் பெற்றது, ஆனால் எம்.எஸ்.டபிள்யூ பட்டம் தராது. ஹில்லெல் இயக்குநர் ஆக வேண்டும் என்றால் அது சரி, சிகிச்சையாளர் ஆக வேண்டும் என்றால் சரியில்லை. என் பார்வையில் பள்ளியின் பெயரை விடக் களப்பயிற்சி முக்கியம். அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்.டபிள்யூ எதிலும் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. கட்டணம் குறைந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதல் வருஷம் ஹில்லெல், இரண்டாம் வருஷம் கவுன்சலிங் மையம் என்று கேட்டு வாங்கினால், மேசையும் அறையும் இரண்டும் எப்படி இருக்கும் என்று சம்பளக் கவலை வரும் முன்பே தெரிந்துவிடும். ஹில்லெலில் எம்.எஸ்.டபிள்யூ படித்த பயிற்றுநர் இல்லாவிட்டால் பள்ளி வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இதைச் சேர்க்கையின்போதே பேசிவிடுங்கள், செப்டம்பரில் பேசினால் இடம் இருக்காது.

ஆக, 25 வயதில் முடிவெடுக்கும் ஒருவருக்கு என் யோசனை: முதல் மூன்று வருஷம் குடும்பச் சேவை நிறுவனம் அல்லது கவுன்சலிங் மையம், முழு லைசென்ஸ் வாங்கும் வரை. ஹில்லெல் மேல் ஆசை இருந்தால் அப்புறம் போங்கள். அப்போது மாணவர் நலத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் வார்த்தைக்கு அங்கே எடை இருக்கும், வேறு ஊருக்கு மாற வேண்டி வந்தாலும் கையில் லைசென்ஸ் இருக்கும். இரண்டு விதிவிலக்கு. மனிதர்களோடு சுற்றித் திரிவதுதான் பிடிக்கும், அறைக்குள் ஐம்பது நிமிஷம் உட்கார முடியாது என்று களப்பயிற்சியிலேயே தெரிந்துவிட்டவர் நேராக ஹில்லெலுக்கே போகலாம், லைசென்ஸை மறந்துவிட்டு. காகித வேலைக்கு அஞ்சாதவர், பேராசிரியரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசத் தெரிந்தவர் டீன் அலுவலகத்தைப் பாருங்கள்.

எந்த இடமானாலும் நேர்முகத் தேர்வில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: என் மணி நேரத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார், மாணவர் சொல்வது என்னைத் தாண்டி யாருக்குப் போகும், இஸ்ரேல் பற்றி உங்களோடு ஒத்துப்போகாத யூத மாணவர் வந்தால் நான் என்ன செய்யலாம். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.